சொத்து வரி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பெரம்பூர் ஜெராக்ஸ் கடையிலேர்ந்து ஒரு திறந்த மடல்

சொத்து வரி நியாயமா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ற பேராசிரியர்களுக்கும், பிஎச்டி பண்ற தம்பி தங்கச்சிகளுக்கும், நகரக் கொள்கைன்னு பேர் வெச்சு மையம் நடத்தற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெரம்பூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர் ரெண்டு, பிரிண்டர் ஒண்ணு, ஒரு லேமினேஷன் மெஷின், அவ்ளோதான். ஏப்ரல் மாசமும் அக்டோபர் மாசமும் கடையில நிக்க இடம் இருக்காது, ஏன்னா அரையாண்டு ஆரம்பிச்ச முதல் மாசத்துக்குள்ள வீட்டு வரி கட்டிட்டா 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அந்த அம்பது நூறு ரூபாய்க்காக ஜனம் பழைய பில்லை மஞ்சப்பையில போட்டு எடுத்துக்கிட்டு வந்துடும். நீங்க சொத்து வரின்னு சொல்றீங்க, இங்க யாரும் அப்படி சொல்றதில்ல, வீட்டு வரின்னுதான் சொல்வாங்க. வியாசர்பாடி, ஓட்டேரி, கொளத்தூர், சில சமயம் பொண்ணை கட்டிக்கொடுத்த இடம்னு சோழிங்கநல்லூர் பில் வரைக்கும் என் கையில வந்து போகும்.

போன வருஷம் ஒரு பொண்ணு தன்னோட தீசிஸ் பிரிண்ட் போட வந்துச்சு. நாலு காப்பி, ஓடி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு, சும்மா நின்னுக்கிட்டு இருந்த நேரத்துல நானும் பக்கத்தை புரட்டிப் பார்த்தேன். கணக்கு, கிராஃப், மேப்பு, எங்க ஏரியா மேப்புல இளம் பச்சையா ஒரு துண்டு. அந்தப் பொண்ணு இங்க எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்லையாம், டேட்டா கிடைச்சது அவ்ளோதான் அண்ணான்னு சொல்லுச்சு. தப்பு சொல்லல, டேட்டா வாங்கறதே இங்க பெரும்பாடு. ஆனா அன்னிலேர்ந்து உங்க ஆளுங்க கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு: எத்தனை சதவீதம் ஏத்தினாங்கன்னு நீங்க பார்க்கறீங்க, எதுக்கு மேல ஏத்தினாங்கன்னு பார்க்கணும்.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த அறிவிப்பை எடுத்துக்குங்க. சென்னையோட பழைய பகுதியில 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 50 சதவீதம், 601லேர்ந்து 1200 வரைக்கும் 75, 1201லேர்ந்து 1800 வரைக்கும் 100, அதுக்கு மேல போனா 150 சதவீதம் உயர்வு. 2011ல சேர்த்த புது ஏரியாவுக்கு அதையே 25, 50, 75, 100ன்னு குறைச்சு போட்டாங்க. பேப்பர்ல பார்க்க நல்லாத்தான் இருக்கு, சின்ன வீட்டுக்கு கம்மி பெரிய வீட்டுக்கு ஜாஸ்தி, ஏழைக்கு சாதகம்னு டிவியில உக்காந்து பேசினாங்க. ஆனா நான் பார்க்கிற பில்லு வேற கதை சொல்லுது. வியாசர்பாடியில தாத்தா கட்டின வீடு, 1900 சதுர அடி, ஒரே பில், உள்ள அண்ணன் தம்பி மூணு குடும்பம் ஆளுக்கு ஒரு ரூம் பாதி ஹால்னு பிரிச்சுக்கிட்டு இருக்காங்க, இவங்க 150 சதவீதத்துல வர்றாங்க. நுங்கம்பாக்கத்துல லிஃப்ட், ஜிம்மு, செக்யூரிட்டியோட 1100 சதுர அடி ஃப்ளாட்டு, கோடிக்கணக்குல விலை, அது 75 சதவீதம். சதுர அடியை வெச்சு வசதியை அளக்க முடியாதுன்னு இங்க வரிசையில நிக்கிற ஆயாவுக்கே தெரியும்.

இன்னொண்ணு, பழைய பகுதி புது பகுதின்னு பிரிச்சதை மேப்பை வெச்சு பாருங்க. 2011ல சென்னை 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆச்சு, வார்டு 155லேர்ந்து 200 ஆச்சு. அப்ப வெளியேர்ந்து உள்ள வந்ததுல மணலி, திருவொற்றியூர் மாதிரி ஊரும் இருக்கு, ஓஎம்ஆர் ஓரத்துல ஐடி கம்பெனிங்க வரிசையா நிக்கிற பெருங்குடி, சோழிங்கநல்லூரும் இருக்கு. கொருக்குப்பேட்டையும் வியாசர்பாடியும் பழைய பகுதி. ஆக 1000 சதுர அடி வீட்டுக்கு கொருக்குப்பேட்டையில 75 சதவீதம், சோழிங்கநல்லூர்ல 50 சதவீதம். உடனே நீங்க கேப்பீங்க, அங்க ஏற்கனவே இருந்த வரி எவ்ளோ இங்க எவ்ளோன்னு தெரியாம சதவீதத்தை மட்டும் ஒப்பிடலாமான்னு. கரெக்ட், அதைத்தான் நானும் கேக்கறேன், அடித்தளம் என்னன்னு யாராவது வெளிய கொண்டு வந்து போடுங்களேன்.

அந்த அடித்தளத்தை பத்தி எனக்கு தெரிஞ்சதை சொல்றேன், உங்களுக்கு பாடம் எடுக்கறேன்னு நினைக்காதீங்க. சென்னையில வரி போடறது வீட்டோட விலையை வெச்சு இல்ல, அந்த வீட்டுக்கு நியாயமா என்ன வாடகை வரும்ங்கிற ஒரு கற்பனை கணக்கை வெச்சு. தெருவுக்கு தெரு ஒரு அடிப்படை ரேட்டு உண்டு, குடியிருப்புக்கு சதுர அடிக்கு 60 பைசாலேர்ந்து 2 ரூபாய் 40 பைசா வரைக்கும், கடை கண்ணிக்கு 4 ரூபாய்லேர்ந்து 12 ரூபாய் வரைக்கும்னு ரொம்ப காலமா ஓடுது. அதை சதுர அடியால பெருக்கினா மாச வாடகை மதிப்பு, அதை 12ஆல பெருக்க மாட்டாங்க, 10.92ஆல பெருக்குவாங்க, அது வருஷ மதிப்பு. அப்புறம் அந்த வருஷ மதிப்புல அரையாண்டுக்கு இத்தனை சதவீதம்னு வரி.

இப்ப அந்த 60 பைசாவையும் 2.40யையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. நாலு மடங்கு. ஊர்லயே மட்டமான தெருவுக்கும் ஊர்லயே ஒசந்த தெருவுக்கும் இந்த கணக்குல வித்தியாசம் நாலே மடங்குதான்! போட் கிளப் ரோட்டு பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலை, எர்ணாவூர் பக்கம் என்ன விலை, நாலு மடங்குலயா நிக்குது? வாடகையே நாலு மடங்குல நிக்காது. அதாவது மேல இருக்கிற தெரு எவ்ளோ மேல போனாலும் தலையில ஒரு மூடி இருக்கு, கீழ இருக்கிறவனுக்கு மட்டும் தரை கெட்டியா இருக்கு. கடைக்கு இன்னும் மோசம், மூணு மடங்குதான், சந்துல இருக்கிற பெட்டிக்கடைக்கும் தி.நகர்ல மாடி மாடியா இருக்கிற ஜவுளிக்கடைக்கும்.

அடுத்தது அந்த சதவீதம். வருஷ மதிப்பு 500 ரூபாய் வரைக்கும் 3.75, 1000 வரைக்கும் 6.75, 5000 வரைக்கும் 10.75, 5000ஐ தாண்டினா 12.4 சதவீதம். கேக்க படிப்படியா ஏறுது, இல்லாதவனுக்கு கம்மின்னு யாரோ நல்ல மனசோட எழுதியிருக்காங்க. ஆனா 5000ஐ 10.92ஆல வகுத்து பாருங்க, மாசம் 458 ரூபாய் வாடகை. இன்னிக்கு சென்னையில 458 ரூபாய்க்கு சைக்கிள் ஸ்டாண்டுல வண்டி விடலாம், வீடு கிடைக்குமா? 1 ரூபாய் ரேட்டு இருக்கிற தெருவுல 460 சதுர அடி வீடு வெச்சிருந்தா, தள்ளுபடி எதையும் கழிக்கலேன்னா, நீங்க உச்சத்துல இருக்கிற வகுப்பு, போட் கிளப் பங்களாக்காரரோட ஒரே பெஞ்சு. 700 சதுர அடிக்கு அதே தெருவுல கணக்கு போட்டா 700 இன்டு 10.92, அது 7644, அதுல 12.4 சதவீதம் கிட்டத்தட்ட 948 ரூபாய், அரையாண்டுக்கு, 2022 உயர்வுக்கு முன்னாடி கணக்கு இது. படி இருக்கு, ஆனா எல்லாரும் மேல்படியிலயே நிக்கிறோம்.

இந்த ரேட்டெல்லாம் எப்ப போட்டதுன்னா, சென்னையில பொது சீராய்வு, அதாவது ஊர் முழுக்க வரி மதிப்பை புதுசா போடறது, கடைசியா நடந்தது 1998ல. அதுக்கு அப்புறம் 2018ல வீட்டுக்கு 50 சதவீதம் வரைக்கும், கடைக்கு 100 சதவீதம் வரைக்கும்னு அப்ப இருந்த அரசு ஏத்துச்சு, ஊரே கூச்சல் போட்டுச்சு, 2019 நவம்பர்ல நிறுத்தி வெச்சுட்டு கமிட்டி போட்டாங்க, ஜாஸ்தியா கட்டினதை அடுத்தடுத்த அரையாண்டுல கழிச்சுக்கலாம்னாங்க. அப்புறம் 15ஆவது நிதிக்குழு வந்து, சொத்து வரிக்கு குறைந்தபட்ச ரேட்டு அறிவிச்சு மாநிலத்தோட வளர்ச்சிக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் வரியும் வளரணும், இல்லேன்னா நகரத்துக்கான மானியம் கிடையாதுன்னு கண்டிஷன் போட்டுச்சு, 2022 உயர்வு வந்தது. 2024ல அது மேல 6 சதவீதம். 24 வருஷம் தூங்கிட்டு எந்திரிச்சவங்க முதல்ல தெரு ரேட்டை சரி பார்த்திருக்கணும், அதை விட்டுட்டு பழைய வரி மேல சதவீதம் போட்டாங்க. சதவீதம் போட்டா கோணல் அப்படியேதான் இருக்கும், ரூபாயில பார்த்தா இன்னும் பெருசாகும். கோணலா எழுப்பின சுவத்து மேல மாடி எடுக்கிற மாதிரி.

(நடுவுல ஒண்ணு. 2016லேர்ந்து 2022 பிப்ரவரி வரைக்கும் சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது. பிப்ரவரி 19 தேர்தல், ஓட்டு போட்ட மை விரல்ல காயறதுக்குள்ள ஏப்ரல் 1 வரி உயர்வு. வரியை முடிவு பண்றது மாநில அரசு, திட்டு வாங்கறது கவுன்சிலரு. இதையும் யாராவது ஆராய்ச்சி பண்ணலாம், நல்ல டாபிக்கு.)

சரி, உங்க பக்கத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல சிகாகோ இருக்கிற குக் கவுன்டியில நடந்ததை நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க, நானும் அந்த தீசிஸ் பொண்ணு சொல்லித்தான் தேடி படிச்சேன். சிகாகோ யுனிவர்சிட்டி பேராசிரியர் கிறிஸ்டோஃபர் பெர்ரி, வித்த விலையையும் வரி ஆபீஸ் போட்ட மதிப்பையும் வீடு வீடா பக்கத்துல வெச்சு பார்த்தாரு, சின்ன விலை வீட்டுக்கு மதிப்பு ஏத்தி போட்டு பெரிய விலை வீட்டுக்கு இறக்கி போட்டிருக்காங்கன்னு காட்டினாரு, 2011லேர்ந்து 2015 வரைக்கும் 220 கோடி டாலர் வரி இப்படி ஒருத்தர் தலையிலேர்ந்து இன்னொருத்தர் தலைக்கு மாறியிருக்குன்னு கணக்கு. 2017ல பத்திரிகையில தொடரா வந்துச்சு, 2018ல அங்க வரி மதிப்பு போடற பதவியில இருந்தவரு கட்சிக்குள்ள நடந்த தேர்தல்லயே தோத்துட்டாரு. ஆமா, அங்க அந்த பதவிக்கு ஓட்டு போடறாங்க.

இதை அப்படியே இங்க கொண்டு வந்து பொருத்த நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க பத்திரத்துல இருக்கிற விலை வித்த விலை இல்ல. பத்திரப்பதிவுக்குன்னு அரசு வெச்சிருக்கிற கைடுலைன் வேல்யூ என்னவோ அதை ஒட்டி பத்திரம் போடுவாங்க, மிச்சம் கையில போகும், இது ஒண்ணும் ரகசியம் இல்ல. அந்த கைடுலைன் வேல்யூவும் 2017ல ஒரே போடா 33 சதவீதம் குறைஞ்சு, 2023ல திரும்ப பழைய அளவுக்கு ஏறி, சந்தைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம ஆடிக்கிட்டு இருந்துச்சு. அதை வெச்சு விகிதம் போட்டீங்கன்னா ரெண்டு பொய்யை ஒண்ணை ஒண்ணால வகுத்த மாதிரி ஆகும், விடை மட்டும் தசம புள்ளியோட நல்லா வரும்.

எனக்கு தோணறது, நம்ம சட்டமே வாடகையை வெச்சுத்தானே வரி போடுது, அப்ப வாடகையை அளங்க. ஆனா ஆன்லைன்ல வாடகை விளம்பரத்தை அள்ளி எடுத்து அதுதான் சென்னைன்னு சொல்லிடாதீங்க. அடையாறு, வேளச்சேரி வாடகை எல்லாம் அதுல கிடைக்கும். புளியந்தோப்புல ஒரு போர்ஷன் காலியாச்சுன்னா எந்த ஆப்லயும் வராது, டீக்கடைக்காரர் சொல்வாரு, இல்லேன்னா கேட்டுல சாக்பீஸ்ல டு லெட்னு எழுதியிருப்பாங்க. அதை நடந்து போய்த்தான் எழுதிக்கணும். அட்வான்ஸ் எவ்ளோ, தண்ணிக்கு தனியா எவ்ளோ, கரண்டுக்கு யூனிட்டுக்கு ஓனர் எவ்ளோ போடறாருன்னு எல்லாம் சேர்த்து கேட்டாத்தான் உண்மையான வாடகை தெரியும்.

இங்கதான் உங்க மேப்புல வராத ஆளுங்க இருக்காங்க. வரி பில்லுல ஓனர் பேர்தான் இருக்கும், ஆனா கட்டறது யாரு? 2022ல வரி ஏறின மறு மாசமே என் கடைக்கு வர்ற ஒரு அக்கா, வீட்டு வேலை செய்யறவங்க, வாடகையில 500 ரூபாய் ஏத்திட்டாங்கப்பா, கேட்டா வரி ஏறிடுச்சுன்னு சொல்றாங்கன்னாங்க. அந்த வீட்ல ஆறு போர்ஷன். ஆறு ஐநூறு மூவாயிரம் மாசத்துக்கு. அரையாண்டுக்கு 18,000. மொத்த வீட்டுக்கும் சேர்த்து வரி ஏறினது அதுல எத்தனை பங்குன்னு நீங்களே போட்டுக்குங்க. அந்த அக்காவுக்கு அந்த பில்லை பார்க்கிற வழியும் கிடையாது, பார்த்தாலும் என்ன பண்ண முடியும். சொத்து வரி பணக்காரங்க மேல விழற வரின்னு பாடப்புத்தகத்துல இருக்குமோ என்னவோ, எங்க தெருவுல அது போர்ஷன் போர்ஷனா பிரிஞ்சு இறங்குது.

அப்புறம் கட்டாதவங்க கதை. இங்கேர்ந்து கொஞ்ச தூரம் போனா ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப், 1955லேர்ந்து இருக்கு, அந்தப் பக்கம் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ். எங்க வீட்ல பாதி சொந்தக்காரங்க ரயில்வே சோறு சாப்பிட்டவங்கதான், குறை சொல்ல வரல. மத்திய அரசு சொத்துக்கு உள்ளூர்ல வரி போட முடியாது, அரசியல் சட்டம் 285ஆவது பிரிவு. அதுக்கு பதிலா சேவைக் கட்டணம்னு ஒண்ணு வாங்கலாம், ராஜ்கோட் மாநகராட்சி கேஸ்ல 2009ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் முடிவானது, எல்லா சேவையும் வாங்கிக்கிட்டா வழக்கமான வரியில 75 சதவீதம், கொஞ்சம் வாங்கிக்கிட்டா 50, ஒண்ணுமே வாங்கலேன்னா மூணுல ஒரு பங்கு. சென்னையில யார் யார் இதை ஒழுங்கா கட்டறாங்க, எவ்ளோ பாக்கின்னு வார்டு வார்டா ஒரு பட்டியல் போடுங்க. வட சென்னையில இந்த மாதிரி நிலம் எவ்ளோ பெரிய துண்டுன்னு மேப்புல பார்த்தாலே தெரியும், மிச்சம் இருக்கிற சின்ன சின்ன வீடுங்கதான் வரி பில்லை சுமக்குது.

சாட்டிலைட்டு படம் வெச்சு வரி ஏய்ப்பை கண்டுபிடிக்கிறதை பத்தி நிறைய எழுதறீங்க. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில பெங்களூரையும் ஜெய்ப்பூரையும் அப்படி பார்த்துட்டு, வர வேண்டிய வரியில 5லேர்ந்து 20 சதவீதத்துக்கு மேல வரலன்னு சொன்னாங்க. பயங்கரமான நம்பர், நான் மறுக்கல. ஆனா மேலேர்ந்து படம் எடுத்தா மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்டு மகனுக்கு கல்யாணம் ஆனதும் ஒரு ரூம் இறக்கினது பளிச்சுன்னு தெரியும், தெரு ரேட்டு 25 வருஷமா தப்பா இருக்கிறது எந்த கேமராவுலயும் தெரியாது. நீங்க முதல்ல எதை கண்டுபிடிச்சு சொல்றீங்களோ அதுக்குத்தான் ஆபீசருங்க முதல்ல நோட்டீஸ் அனுப்புவாங்க. அதனால வரிசையை பார்த்து போடுங்க. ஷீட்டு ரூமுக்கு முன்னாடி ஜவுளிக்கடை மாடி.

உங்ககிட்ட என்ன எதிர்பார்க்கறேன்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. தெரு தெருவா அடிப்படை ரேட்டு என்னன்னு ஒரே ஷீட்ல, தமிழ்ல, போன்ல திறக்கிற மாதிரி போடுங்க. பக்கத்துலயே அந்த தெருவுல இன்னிக்கு நிஜமா போற வாடகையை போடுங்க. ரெண்டாவதை முதல்லதால வகுத்தா எந்த தெரு அதிகமா கட்டுது எந்த தெரு கம்மியா கட்டுதுன்னு எட்டாங்கிளாஸ் பையனே சொல்லிடுவான். அந்த ஒரு பக்கத்தை நான் சொந்த காசுல 500 காப்பி அடிச்சு, வார்டுக்குள்ள ஜனங்க கூடி பேசற ஏரியா சபையில குடுக்கறேன். 2022லேர்ந்து ஏரியா சபைன்னு ஒண்ணு நடக்குது, அங்க குப்பை, தெருவிளக்கு, நாய் பத்தித்தான் பேசறோம், வரியை பத்தி பேசினா ஏன் கட்ட முடியாதுன்னு சொல்றியான்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. கையில பேப்பர் இருந்தா அந்த பார்வை மாறும். உங்க ஆங்கில ஜர்னல்ல வர்ற கட்டுரைக்கு நான் எதிரி இல்ல, அதை எங்க கவுன்சிலர் படிக்க மாட்டாரு, அவ்ளோதான்.

வரி குறைக்கணும்னு நான் கேக்கலைன்னு தனியா சொல்லிடறேன், ஏன்னா இதை படிச்சுட்டு அப்படித்தான் ஷேர் பண்ணுவாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு எங்க பக்கம் முட்டி வரைக்கும் தண்ணி நின்னப்ப மழைநீர் வடிகால் எவ்ளோ முக்கியம்னு பார்த்தோம், அதெல்லாம் காசில்லாம வராது. 948 ரூபாயை 1600 ஆக்கினாலும் கட்டுவோம், போட் கிளப்காரரும் அவர் வீட்டு வாடகைக்கு தக்கபடி கட்டறாருன்னு தெரிஞ்சா.

அந்த தீசிஸ் பொண்ணு மறுபடி வரேன்னு சொல்லியிருக்கு. வேற யாராவது வர்றதா இருந்தா அக்டோபர் மாசம் வாங்க, கூட்டம் இருக்கும், ஆனா அப்பத்தான் பில்லுங்க வெளிய வரும். 1998 சீராய்வு சமயத்துல வந்த நோட்டீஸை இன்னும் பத்திரமா வெச்சிருக்கிறவங்க ஏழெட்டு பேர் எனக்கு தெரியும், பேரையும் கதவு எண்ணையும் மறைச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டா குடுக்கறோம்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க, மிச்சம் பேரை கேட்டு வைக்கிறேன். ஜெராக்ஸுக்கு காசு வேணாம். காலையில பத்து மணிக்கு மேல வாங்க, ஞாயித்துக்கிழமை கடை லீவு.